3.5×4.5 படத்தை 200×230-க்குள் அடக்கும்போது முகம் ஏன் பருத்துவிடுகிறது?

6 ஜூலை 2025, காலை: கேள்வி

வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தின் கோப்பு என்னிடம் இருக்கிறது. அதை 200×230 பிக்சலாக மாற்றினால் முகம் பக்கவாட்டில் பருத்து, கழுத்து குட்டையாகி, வேறு யாரோபோலத் தெரிகிறேன். விகிதத்தைப் பூட்டும் பெட்டியில் டிக் போட்டுவிட்டு அகலம் 200 என்று கொடுத்தால் உயரம் தானாக 257 ஆகிவிடுகிறது. டிக்கை எடுத்தால்தான் 230 வருகிறது. பெயின்ட், கிம்ப் இரண்டிலும் இதே கதைதான். கோளாறு மென்பொருளிலா, ஸ்டூடியோ கொடுத்த படத்திலா? தெரிந்த அண்ணன்மார் விளக்குங்கள்.

6 ஜூலை, பகல்

இரண்டிலும் கோளாறில்லை, தம்பி. அறிவிக்கையிலேயே ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு அளவுகள் இருக்கின்றன. வங்கித் தேர்வை நடத்தும் ஐ.பி.பி.எஸ். அமைப்பின் அறிவிக்கை ஓரிடத்தில் 4.5 × 3.5 செ.மீ. படத்தை ஸ்கேன் செய்யச் சொல்கிறது. ஸ்கேன் செய்யும் முறையை விளக்கும் இடத்தில் 200×230 பிக்சல் என்கிறது. 35-ஐ 45-ஆல் வகுத்தால் 0.778 வரும், 200-ஐ 230-ஆல் வகுத்தால் 0.870 வரும். அதாவது பிந்தைய சட்டகம், உயரத்தோடு ஒப்பிடுகையில், முந்தையதைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு அகலமானது. பூட்டை எடுத்துவிட்டு 230 என்று தட்டியவுடன் அந்த 12 விழுக்காடும் உங்கள் கன்னத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

வழி இதுதான்: முதலில் விகிதத்துக்கு ஏற்பக் கத்தரிக்க வேண்டும், பிறகுதான் அளவைக் குறைக்க வேண்டும். 3.5×4.5 செ.மீ. படம் 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413×531 பிக்சல் இருக்கும். அகலம் 413-ஐத் தொடாமல் விட்டு, உயரத்தை 475 ஆக்குங்கள். போக வேண்டிய 56 பிக்சலையும் கீழே, சட்டைப் பகுதியிலிருந்து எடுங்கள். கிம்ப்பில் கத்தரிக்கும் கருவியின் அமைப்பில் நிலையான விகிதம் என்பதைத் தேர்ந்து 200:230 என்று எழுதிவிட்டால் சட்டகம் எங்கே இழுத்தாலும் அந்த விகிதத்திலேயே நிற்கும். அதன் பிறகு அளவை மாற்றும்போது சங்கிலிப் பூட்டை எடுக்க வேண்டிய தேவையே வராது. 200 என்று கொடுத்தால் 230 தானே வந்து நிற்கும். அப்படி வராமல் 229 அல்லது 231 என்று வந்தால் அது பின்னத்தை முழு எண்ணாக்கியதன் விளைவு. அந்த ஒரு பிக்சலுக்காகப் பூட்டை எடுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

6 ஜூலை, இரவு

பகலில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சட்டைப் பகுதியிலிருந்து 56 பிக்சல் எடுக்கலாம் என்று எழுதியது, சட்டைப் பகுதி என்று ஒன்று படத்தில் இருந்தால்தான் செல்லும். நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் இப்போது கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றுக்கான முறைப்படி முகத்தை நெருக்கமாக வைத்தே பலர் கேட்கிறார்கள். அந்த முறையில் தலை, சட்டகத்தின் உயரத்தில் 70 முதல் 80 விழுக்காடு வரை பிடித்துக்கொள்ளும். 45 மி.மீ. உயரப் படத்தில் தலை 34 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், உயரத்தை 40 மி.மீ.க்குக் குறைத்தவுடன் அதே தலை 85 விழுக்காட்டை நிரப்பிவிடும்; மோவாய்க்குக் கீழே கழுத்துக்குக்கூட இடம் மிஞ்சாது. பழைய பாணியில், மார்புவரை தெரியும்படி எடுத்த படமென்றால் தாராளமாக வெட்டலாம்.

ஆகவே ஸ்டூடியோவில் கேட்க வேண்டியது, ஏற்கெனவே வெட்டி முடித்த பாஸ்போர்ட் கோப்பையல்ல. கேமராவிலிருந்து வந்த வெட்டாத கோப்பையே கேட்டு வாங்க வேண்டும். அது 6000×4000 போன்ற அளவில், தோளுக்கு இருபுறமும் தாராளமான வெள்ளைப் பின்னணியோடு இருக்கும். அதிலிருந்து 200:230, 35:45, சதுரம் என்று எந்த விகிதத்தையும் சேதமில்லாமல் எடுக்கலாம். பெரும்பாலான கடைகளில் ஓரிரு நாட்கள் அந்தக் கோப்பை வைத்திருப்பார்கள்; பிறகு மெமரி கார்டைத் துடைத்துவிடுவார்கள். எடுத்த அன்றே கேட்பது நல்லது.

7 ஜூலை

வெட்டுவதற்குப் பதிலாக, இருபுறமும் வெள்ளையைச் சேர்த்து அகலமாக்கிவிடலாமே என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப்படி சரி: உயரம் 531-ஐ அப்படியே வைத்தால் அகலம் 462 வேண்டும், இடப்பக்கம் 24, வலப்பக்கம் 25 பிக்சல் வெள்ளை சேர்த்தால் விகிதம் அமைந்துவிடும். நடைமுறையில் தோள்தான் காட்டிக்கொடுக்கும். பாஸ்போர்ட் படத்தில் இரு தோள்களும் சட்டகத்தின் ஓரம்வரை போய்த் துண்டிக்கப்பட்டிருக்கும். அங்கே வெள்ளையை ஒட்டினால், ரம்பத்தால் அறுத்ததுபோலச் செங்குத்தாக ஒரு கோடு விழும். பின்னணியின் வெள்ளையும் உண்மையில் தூய வெள்ளையாக இராது, கொஞ்சம் நீலமோ மஞ்சளோ கலந்திருக்கும்; ஒட்டிய பட்டை தனியாகத் தெரியும். முகம் மிக நெருக்கமாக உள்ள படத்தில், மேலே தலைக்கு மட்டும் சிறிது இடம் சேர்க்க இந்த முறை உதவும். பக்கங்களுக்கு உதவாது.

7 ஜூலை, சற்று நேரம் கழித்து

டி.பி.ஐ.யை 300 ஆக மாற்றினால் படம் தெளிவாகிவிடும் என்று எழுதியிருப்பவருக்கு: ஆகாது. ஏற்கெனவே கோப்பாக இருக்கும் படத்தில் டி.பி.ஐ. என்பது ஒரு சீட்டு மட்டுமே. அச்சிடும்போது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சலை அடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 200×230 படத்தில் 72 என்று எழுதினாலும் 600 என்று எழுதினாலும் உள்ளே இருப்பவை அதே 46,000 பிக்சல்கள்தாம். அறிவிக்கையில் 200 டி.பி.ஐ. என்று வருவது ஸ்கேனருக்காக. அங்கே அதற்குப் பொருளுண்டு: 3.5×4.5 செ.மீ. தாளை 200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் 276×354 பிக்சல் கிடைக்கும். 100-இல் செய்தால் 138×177தான் கிடைக்கும், பிறகு அதை 200-க்கு இழுக்க வேண்டிவரும். இல்லாத விவரத்தை எந்த மென்பொருளும் கொண்டுவந்து தராது. பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்பும், அவ்வளவே.

9 ஜூலை

கோப்பின் கனம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். வழக்கமாக எல்லோரும் படத்தை எப்படிச் சிறிதாக்குவது என்றுதான் அலைவார்கள். இங்கே பாதிப் பேருக்கு அது, அறிவிக்கை கேட்கும் குறைந்த அளவான 20 கே.பி.யைக்கூட எட்டவில்லை என்பது வருத்தம். காரணம் எளிது. 46,000 பிக்சலுக்கு, ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் என்று, சுருக்காமல் வைத்தாலே 135 கே.பி.தான் வரும். ஜேபெக் அதைச் சாதாரணத் தரத்தில் சுருக்கினால், வெற்றுப் பின்னணியுள்ள படம் எளிதில் 20-க்குக் கீழே போய்விடும். சேமிக்கும்போது தரத்தை 95-க்கு மேல் ஏற்றுங்கள். அப்படியும் போதாவிட்டால், மேம்பட்ட அமைப்பில் நிற விவரத்தைக் குறைக்காமல் அப்படியே வைக்கும் 4:4:4 என்ற தேர்வை எடுங்கள். 20-ஐத் தாண்டுவதற்கு அது பெரும்பாலும் போதும். கனத்தைக் கூட்டுவதற்காகப் பிக்சலை 400×460 என்று இரட்டிப்பாக்குவதும் நடக்கிறது. விகிதம் கெடாததால் முகம் கெடாது. ஆனால் கேட்ட அளவு அதுவன்று.

ஓர் எச்சரிக்கை. ஜேபெக் கோப்பைத் திறந்து, திருத்தி, சேமித்து, மறுபடி திறந்து, மறுபடி சேமித்து என்று போனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் உதிரும். பரிசோதனைகளை எல்லாம் எப்போதும் மூலக் கோப்பிலிருந்தே தொடங்குங்கள். 200×230 ஆக்கிய கோப்பை மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டு, மறுவாரம் வேறொரு தேர்வுக்குப் பெரிய படம் வேண்டும் என்று வந்து நிற்பவர்களை விண்ணப்பக் காலம் முழுக்கப் பார்க்கிறேன்.

10 ஜூலை

கையொப்பத்துக்கு 140×60. இது 7:3 என்ற விகிதம். இதைக் கத்தரிப்பதில் தலைவலியே வேண்டாம்: கையெழுத்துப் போடும் முன்பே வெள்ளைத் தாளில் பென்சிலால் அந்த விகிதத்தில் ஒரு பெட்டி வரைந்து, அதற்குள் கறுப்பு மையால் ஒப்பமிட்டு, பெட்டியின் உள்விளிம்பை ஒட்டி வெட்டிவிட்டால் விகிதம் ஏற்கெனவே சரியாக இருக்கும். பெட்டி எவ்வளவு பெரிது என்பதில்தான் சூட்சுமம். 7 செ.மீ. × 3 செ.மீ. என்று வரைந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 2 பிக்சல்தான் கிடைக்கும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பேனாக் கோடு ஒற்றைப் பிக்சலாகி, சுற்றியுள்ள வெள்ளையோடு கலந்து சாம்பலாக மங்கிவிடும். 3.5 × 1.5 செ.மீ. பெட்டியில் போட்டால் அதே கோடு இரண்டு பிக்சல் தடிமனில் கறுப்பாகவே நிற்கும். நீளமான கையொப்பம் உள்ளவர்கள், சிறிய பெட்டிக்குள் அடக்க முடியாவிட்டால், தடித்த முனையுள்ள ஜெல் பேனாவைப் பயன்படுத்துங்கள்.

கைப்பட எழுதும் உறுதிமொழிக்கு 800×400, அதாவது சரியாக 2:1. இடது பெருவிரல் ரேகைக்கு 240×240, சதுரம். ரேகையைத் தாளின் நடுவில் ஒற்றிவிட்டு, சுற்றிலும் சம இடைவெளியோடு சதுரமாக வெட்டினால் முடிந்தது. நீள்வட்டமான விரலைச் சதுரம் முழுவதும் நிரம்பும்படி இழுத்துவிடாதீர்கள்.

11 ஜூலை

கைப்பேசியில் நேராகத் தெரியும் படம், பதிவேற்றியவுடன் பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறது என்று எழுதியவருக்கு. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல கேமராக்கள் படத்தைக் கிடைமட்டமாக, 4000×3000 என்றே பதிந்து, இதைத் திருப்பிக் காட்டுக என்ற குறிப்பை எக்சிஃப் தகவலில் (படக் கோப்புக்குள்ளேயே கேமரா சேர்த்து வைக்கும் குறிப்புகளில்) எழுதி வைக்கின்றன. அந்தக் குறிப்பைப் படிக்கும் செயலி திருப்பிக் காட்டும். படிக்காத தளம் படுத்தபடியே காட்டும். இதற்கும் நம் விகிதப் பேச்சுக்கும் தொடர்புண்டு: குறிப்பைப் படிக்காத மென்பொருளில் அகலம் எது, உயரம் எது என்பதே தலைகீழாகிவிடும், நீங்கள் 200 என்று கொடுப்பது உயரத்துக்குப் போய்ச் சேரும். படத்தைத் திருத்தும் மென்பொருளில் திறந்து, திருப்பட்டுமா என்று கேட்டால் ஒப்புக்கொண்டு, புதிய பெயரில் சேமித்தால் பிக்சல்களே திரும்பிவிடும். அதன்பின் குறிப்பை நம்பியிருக்க வேண்டியதில்லை.

11 ஜூலை, இரவு

பருத்த முகமெல்லாம் விகிதத்தால் பருத்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையை நீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்னுக்குப் போனதாகவும் தெரிவது தூரத்தின் வேலை. கேமராவுக்கு மூக்கு மிக அருகில் இருப்பதால் அப்படி. அந்தப் படத்தின் விகிதம் துல்லியமாக இருந்தாலும் முகம் மாறித்தான் தெரியும். அதற்கு மருந்து கத்தரியில் இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி நின்று வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள்.

எது எதனால் என்று கண்டுபிடிக்க நான் சட்டைப் பொத்தானைப் பார்ப்பேன். நேராகத் தைத்த பொத்தான் வட்டமாகத்தான் இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கி அதன் அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் அளந்தால் இழுபட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். நெற்றியில் வட்டப் பொட்டு வைத்த அம்மணிகளுக்கு இன்னும் சுலபம். 200×230-க்குள் அடங்கிய படத்தில் பொட்டே நான்கைந்து பிக்சல்தான் வரும் என்பதால் அங்கே அளக்க முடியாது. சற்றுப் பெரிய படத்தில் பாருங்கள்.

13 ஜூலை

விண்ணப்பத்தை விட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது பேச்சு. கைப்பேசியில் எடுத்த குழுப்படத்தை லேபில் 4×6 அச்சுக்குக் கொடுத்தால் பின்வரிசையில் நின்ற பெரியப்பாவின் தலை போய்விட்டது என்ற குறைக்குப் பதில்: கைப்பேசியின் படம் 4:3, அச்சுத் தாள் 3:2. ஆறு அங்குல அகலத்துக்கு 4:3 படம் நாலரை அங்குல உயரம் கேட்கும். தாளில் இருப்பது நான்கு. உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு எங்கேயாவது போயே ஆக வேண்டும். இயந்திரம் மேலும் கீழும் சமமாக வெட்டும், பெரியப்பா யார் என்று அதற்குத் தெரியாது. வெட்டாமல் முழுப் படத்தையும் அடக்கி அச்சிடச் சொன்னால் இருபுறமும் வெள்ளைப் பட்டை வரும். எது வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்ல வேண்டும், அல்லது வீட்டிலேயே 3:2-க்கு வெட்டி, எது போகலாம் என்பதை நாமே முடிவு செய்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

3:2 எங்கிருந்து வந்தது என்று கேட்டதால் சுருக்கமாக. லைக்கா கேமராவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக், திரைப்படச் சுருளின் 18×24 மி.மீ. சட்டகத்தை இரட்டித்து 24×36 ஆக்கினார், 35 மி.மீ. சுருள் கேமராக்களும் பின்னர் வந்த டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் பெரும்பாலானவையும் அதே விகிதத்தைத் தொடர்ந்தன. ஆகையால் அந்தக் கேமராவில் எடுத்தது 4×6-க்கு அப்படியே பொருந்தும். ஆனால் 8×10-க்குக் கொடுத்தால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போகும். 8×12 கேளுங்கள்.

13 ஜூலை, பின்னிரவு

அதற்குக் கைப்பேசியில் 16:9 வைத்து எடுத்துவிடலாமே என்கிறார் ஒருவர். வேண்டாம். கைப்பேசிகளில் ஒளியை வாங்கும் உணரி (சென்சார்) பெரும்பாலும் 4:3தான். 16:9 என்று வைத்தால் 4000×3000-இல் மேலும் கீழும் வெட்டி 4000×2250 ஆகத் தருகிறது, எடுக்கும்போதே கால் பங்கு போய்விட்டது. அதை 4×6-க்குக் கொடுத்தால் இந்த முறை பக்கங்கள் போகும், ஓரத்தில் நின்ற மாமாக்கள் போவார்கள். 4:3-இலேயே எடுங்கள், தலைக்கு மேல் கூடுதலாக இடம் விட்டு எடுங்கள். பழைய 4:3 படங்களை அகலத் தொலைக்காட்சியில் திரை நிறைய இழுத்து வைத்துப் பார்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதில் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, கதாநாயகி சாப்பிடாமலேயே பருக்கிறாள். வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

16 ஜூலை

கத்தரித்த பகுதி உண்மையிலேயே போய்விட்டதா என்ற கேள்வி முக்கியமானது. அடையாள அட்டையின் படத்தில் எண்ணை வெட்டிவிட்டு அனுப்புகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் வெளியான ஒரு குறை நினைவிருக்கலாம். கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் படத்திருத்தக் கருவி, வெட்டிய பி.என்.ஜி. படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதியது. புதியது சிறியதென்பதால் பழையதன் வால்பகுதி துடைக்கப்படாமல் கோப்பின் கடைசியில் தங்கிவிட்டது. சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற இருவர் அதிலிருந்து வெட்டிய பகுதியை மீட்டுக் காட்டினார்கள். சில நாட்களில் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் கருவியிலும் அதே வகைக் குறை கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் திருத்தப்பட்டுவிட்டன, அதற்கு முன்பே அனுப்பப்பட்ட படங்களைத் திருத்த யாராலும் முடியாது.

இது ஒருபுறம் இருக்க, ஜேபெக் கோப்பின் எக்சிஃப் தகவலுக்குள் ஒரு சிறிய முன்னோட்டப் படம் இருக்கக்கூடும். சில மென்பொருள்கள் பெரிய படத்தை வெட்டிவிட்டு அந்தச் சிறியதைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதுண்டு. வெட்டிய பின் எக்சிஃப் இல்லாமல் புதிய பெயரில் ஏற்றுமதி செய்வதே பாதுகாப்பு.

19 ஜூலை

பள்ளிப் பிள்ளைகளின் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றாக வெட்ட முடியாது என்ற ஆசிரியருக்கு. இமேஜ்மேஜிக் என்ற இலவசக் கருவி கட்டளை வழியாக மொத்தமாகச் செய்யும். அளவு மாற்றும் கட்டளையில் 200×230 என்று மட்டும் கொடுத்தால் விகிதம் காத்து அந்தப் பெட்டிக்குள் அடங்கும் அளவுக்குக் குறைக்கும், பின்னால் ‘!’ குறி சேர்த்தால் விகிதத்தைப் புறக்கணித்து இழுக்கும். ^ குறி சேர்த்தால் விகிதம் காத்துப் பெட்டியை முழுக்க மூடும்படி செய்யும், மிஞ்சியதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. மிஞ்சியதை வெட்டும்போது ஈர்ப்புத் திசையை நடு என்று வைக்காமல் வடக்கு என்று வையுங்கள். அப்போது தலைப்பக்கம் அப்படியே நின்று, வெட்டு முழுவதும் கீழே சட்டைப் பகுதியில் விழும். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் நிறுத்தி எடுத்திருந்தால் மட்டுமே இது ஒழுங்காக வரும். உயரமான பையனுக்கும் முதல் வகுப்புக் குழந்தைக்கும் கேமராவை ஏற்றி இறக்காமல் எடுத்திருந்தால் கையால்தான் வெட்ட வேண்டும்.

21 ஜூலை

மகனின் அமெரிக்க விசாவுக்காக, வீட்டில் இருக்கும் 35×45 கோப்பைச் சதுரமாக்கச் சொல்லிக் கேட்கும் அம்மாவுக்கு. அங்கே வேண்டியது 600×600 முதல் 1200×1200 வரையிலான சதுரம், 240 கே.பி.க்குள், தலை, படத்தின் உயரத்தில் 50 முதல் 69 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் கோப்பு 413×531. அதிலிருந்து எடுக்கக்கூடிய மிகப் பெரிய சதுரம் 413×413, அதாவது 35 மி.மீ.; அதற்குள் 34 மி.மீ. தலையை வைத்தால் 97 விழுக்காடு ஆகிவிடுகிறது. பிக்சலும் 600-ஐ எட்டவில்லை. பூட்டைப் போட்டாலும் எடுத்தாலும் இந்தக் கோப்பிலிருந்து அந்தப் படம் வராது. எடுத்த கடையில் வெட்டாத கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் புதிதாகவே எடுத்துவிடுங்கள்.